நம் வீட்டுக் கோழிகள் சாகவில்லை

செத்துப்போன கோழிகளுக்கும் வாத்துக் குஞ்சுகளுக்கும் தொற்றுநோய் எதுவும் இல்லை. சித்தூர் கால்நடை மருத்துவர் நேற்று மாலை என்னிடம் சொன்னது இது. உன் பெரியப்பா மகள் ருக்குமணியின் கொட்டாயிலிருந்து கொண்டுபோன பறவைகளை அவர் தன் கையாலேயே அறுத்துப் பார்த்திருக்கிறார். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான அடையாளம் ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றிலும் ஈரல் வீங்கி, வெளிறி, இரத்தம் கசிந்து கிடந்தது என்றார். "அப்படியானால் தீவனமா?" என்று கேட்டேன். "எனக்கு அப்படித்தான் தோணுது சாரே. பக்ஷே, டெஸ்ட் வராம அதை எழுதித் தர முடியாது. தொற்றுநோய் இல்லைங்கறதை வேணும்னா இப்பவே எழுதித் தரேன்" என்றார், தம் மலையாளம் கலந்த தமிழில். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஈரல் துண்டுகளும், ருக்குமணி வீட்டு மூட்டையிலிருந்து எடுத்த தீவனமும் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன.

ஆகவே நீ ஒட்டவைத்த அறிக்கையின் முதல் வரி பொய். நம் ஊர் நல்லேப்பிள்ளிக் கடைத்தெருவில் தீவனக் கடைச் சுவரில் அதைப் படித்தேன். 'கோழி வளர்ப்போர் கவனத்துக்கு' என்று தலைப்பிட்டு, சுகாதாரமில்லாத ஒரு கொட்டாயில் தொற்றுநோய் தோன்றியிருப்பதாகவும், உங்கள் பொள்ளாச்சி ஆலைத் தீவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்லி, கீழே தர மேற்பார்வையாளர் என்று உன் பெயர் அச்சாகியிருந்தது. கொட்டாயின் பெயரைப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை; இந்த ஊரில் கோழி செத்த கொட்டாய் ஒன்றுதான். இத்தனை வருஷமாக இந்த வட்டாரச் செய்திகளைக் கோயமுத்தூர்ப் பத்திரிகைக்கு அனுப்பி வருகிறேன். உன்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நீ கால்நடைக் கல்லூரியில் தேறியபோது எழுதவில்லை. உன் தீவனத்தைப் பார்க்க மூன்று தாலுக்காவிலிருந்து ஆட்கள் வந்தபோதும் எழுதவில்லை. சொந்த மகன் செய்தியாகக் கூடாது என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதை இன்று உடைக்கிறேன். இந்தக் கடிதம் உனக்குத் தபாலில் வரும். அச்சடித்த பிரதி, உன் அறிக்கை ஒட்டியிருக்கும் எல்லாச் சுவர்களிலும் அதன் பக்கத்திலேயே இருக்கும். நீ தனியாக அழைத்துப் பேசியிருந்தால் நானும் தனியாக எழுதியிருப்பேன்.

இந்தத் தீவனம் எப்படிப் பிறந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். அப்போது இங்கே எல்லோரும் கோழித் தீனியில் மீன் தூள்தான் கலந்தார்கள். மேற்கே கடற்கரையிலிருந்து லாரியில் வரும். விலை ஏற ஏற அதில் மீன் குறைந்துகொண்டே வந்தது. நீ லீவில் வந்திருந்தபோது ருக்குமணி வீட்டு வாசலில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி மீன் தூளைக் கொட்டிக் கலக்கினாய். கீழே மணல் படிந்தது. குனிந்து பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏந்தம்பி, நாம கோழிக்கு வாங்கறமா, ஊடு கட்டறதுக்கு வாங்கறமா?" மணல் போதாதென்று நாற்றம் வேறு. கோயமுத்தூரில் ரொட்டிக் கடைக்காரர் ஒரு கூடை முட்டையைத் திருப்பி அனுப்பினார். கேக்கில் கருவாட்டு வாசம் அடிக்கிறதாம். அன்றுதான் நீ கடலைப் புண்ணாக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். மீனில் இருக்கும் சத்து பெரும்பாலும் அதில் இருக்கிறது, குறைகிறதை எள்ளுப் புண்ணாக்கு ஈடுகட்டும், ஆனால் கோழிக்கு அது சுலபமாகச் செரிக்காது, முதலில் அதைப் புளிக்கவைக்க வேண்டும் என்றாய்.

புளிக்கவைக்க நீ தேடிப் போனது கள்ளுக்கடையை. நம் சித்தூர்ப் பக்கத்தில் கள்ளுப் பானையின் அடியில் தங்கும் மண்டியை யாரும் சீந்துவதில்லை, வாய்க்காலில்தான் கொட்டுவார்கள். அந்த மண்டியில்தான் உயிர் இருக்கிறது என்று கள்ளுக்கடை வேலாயுதனிடம் போய்க் கேட்டாய். நானும் கூட வந்தேன், படித்த பையன் கள்ளுக்கடை வாசலில் நிற்கிறான் என்று நாலு பேர் பேசக் கூடாதே என்று. வேலாயுதன் தகர டப்பாவில் மண்டியை ஊற்றிக்கொண்டே, "கோழிக்குங்களா? அதுக்குத் தொட்டுக்க என்ன குடுப்பீங்க?" என்று கேட்டான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னங்க தம்பி, கோழி பாட்டுப் பாடுதுங்களா?" என்பான். நீயும் சலிக்காமல், "ரெண்டாவது சரணம் வந்திருச்சுங்க" என்று பதில் சொல்லுவாய்.

நனைத்த புண்ணாக்கில் மண்டியைப் பிசைந்து, காற்றுப் புகாமல் மண் மொடாவில் அழுத்தி மூடி, புளித்ததும் எடுத்துக் களத்தில் மெல்லிசாகப் பரப்பி, கையில் எடுத்தால் கலகலவென்று உதிரும் வரை வெயிலில் காயவைத்தீர்கள், நீயும் ருக்குமணியும். அவளிடம் நீ திரும்பத் திரும்பச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. புளிப்பு வாசம் ஆப்பமாவு வாசமாக இருக்க வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் மூட்டை கட்டக் கூடாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் தட்டினால் அந்த மொடா முழுவதையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், மாட்டுக்குக்கூடப் போடக் கூடாது. கடலைப் புண்ணாக்கில் ஏறுகிற பூஞ்சண விஷம் ஈரலைத் தின்னும், அதிலும் வாத்துக் குஞ்சு தாங்கவே தாங்காது, முதலில் அதுதான் விழும் என்றாய். இதெல்லாம் நீ கற்றுக் கொடுத்தது. ருக்குமணி பிடிவாதக்காரி, ஆனால் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். அவள் கோழிகள் முட்டையிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் பொள்ளாச்சி ஆலை முதலாளி உன்னைத் தேடி வந்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இதில் அவள் கைக்கும் பங்கு உண்டு என்று நீ எப்போதாவது அவரிடம் சொன்னாயா, எனக்குத் தெரியாது.

பிறகு கிழக்கே கள்ளுக்கடைகளை மறுபடி மூடினார்கள். நம் பக்கம் கடை உண்டு, மாநில எல்லை தாண்டினால் இல்லை. மண்டி டப்பா பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது நின்றது. எல்லைச் சாவடியில் கள் வாசம் அடித்தால் டப்பாவோடு ஆளையும் இறக்கிவிட்டார்கள். அது அவர்கள் வேலை, அதில் எனக்குப் புகார் இல்லை. வழி இருந்தது, அதுதான் என் புகார். இங்கேயே புளிக்கவைத்து, இங்கேயே காயவைத்து, உலர்ந்த புண்ணாக்கை அங்கே அனுப்பியிருக்கலாம். உலர்ந்த புண்ணாக்கை எந்தச் சாவடியும் நிறுத்தாது. ருக்குமணி தன் களத்தையே தருகிறேன் என்றாள். நம் வீட்டு முற்றத்தில் நின்றுதான் சொன்னாள், நானும் இருந்தேன். "முதலாளிகிட்டக் கேட்டுச் சொல்றேங்க்கா" என்றாய். கேட்டாயா? முதலாளி என்ன சொன்னார்? ஐப்பசி மழை தொடங்கும் வரை அவள் களத்தைப் பெருக்கி வைத்துக் காத்திருந்தாள். நீ பதில் சொல்லவில்லை. மீன் தூள் கிடைக்காத நேரம், கடைக்காரர்கள் உங்கள் மூட்டைக்காக நெருக்குகிறார்கள், ஆலை ஓடியே ஆக வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதனால் கோபம் குறையவும் இல்லை.

ருக்குமணியின் கோழிகள் செத்ததைக் கேட்டு, போன வாரம் நான் பொள்ளாச்சிக்கு வந்தேன். உனக்குச் சொல்லாமல் வந்தேன், செய்தி சேகரிக்கப் போகும் இடத்தில் முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நீ வெளியூர் போயிருந்தாய். ஆலையின் பின்பக்கம், ஒழுகுகிற தகரக் கூரைக்கடியில், தார்ப்பாய் போட்டு மூடிய குவியல் ஒன்றைப் பார்த்தேன். சுமை தூக்குகிறவர் ஒருவர் பேசினார். அவர் பெயரை எழுத மாட்டேன், நாளையும் அவர் அங்கே வேலைக்குப் போக வேண்டும். மண்டி வராமல் போனபின் புண்ணாக்கில் வெல்லத் தண்ணீரைத் தெளித்து, அப்படியே குவித்து, தானாகப் புளிக்க விடுகிறார்கள் என்றார். "காய வெக்கறதுக்கு வெயில் எங்கீங்க? உள்ளார கையை உட்டா சுடுது. எடுத்துப் பாத்தா பச்சப் பசேல்னு இருக்குது. அதுமேல கரும்புப் பாகை ஊத்திக் கலக்கிட்டா நெறமும் தெரியறதில்லை, நாத்தமும் தெரியறதில்லீங்க" என்றார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, குவியலுக்குள் நானே கைவிட்டுப் பார்த்தேன். சுட்டது. வெளியே வந்த கையில் பச்சை ஒட்டியிருந்தது. தெருக்குழாயில் கழுவிவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த ஆலையிலிருந்து மூட்டைகள் அதற்கு முன்பே நல்லேப்பிள்ளிக்கு ஒரு லாரியில் வந்திருந்தன. ருக்குமணி வீட்டு வாசலில் கொஞ்சம் இறக்கினார்கள், நம் வீட்டில் கொஞ்சம், மீதி கடைக்கு. கடையில் பழைய சரக்கு விற்றுத் தீராததால் புதியது இன்னும் பிரிபடவில்லை. அந்த மட்டில் ஊர் தப்பியது. ருக்குமணி உடனே பிரித்துப் போட்டாள். வாத்துக் குஞ்சுகள் முதலில் விழுந்தன. அப்புறம் கோழிகள், தலையைத் தொங்கப் போட்டு, இறக்கையை விரித்து. அவள் தீனியை நிறுத்திவிட்டுத் தவிட்டுக்கு மாறினாள். பாதிக்கு மேல் போய்விட்டன, பாக்கி பிழைத்தன. அப்போதுதான் உன் அறிக்கை வந்தது. தொற்றுநோய் என்று நீயே அச்சடித்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? அக்கம்பக்கத்துக் கோழிக்காரர்கள் கூடி வந்து, பிழைத்திருக்கிற கோழிகளையும் கொன்று புதைக்கச் சொன்னார்கள். முட்டை வியாபாரி அவள் கூடையைத் தொடவே இல்லை. "நோய் புடிச்ச கொட்டாய் முட்டை" என்று நடுத்தெருவில் சொன்னான்.

நான் போனபோது அவள் கொட்டாய் வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள். கோழியைக் கொல்ல வருகிறவர்கள் அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "வாங்க சித்தப்பா. பேப்பர்ல போடறதுக்கு வந்தீங்களா, இல்ல சொந்தக்காரரா வந்தீங்களா?" என்றாள். "சும்மா கேட்டனுங்க, உக்காருங்க" என்று மோர் கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "உங்க ஊட்டுச் சேவல் இன்னைக்கும் காலையில கூவுச்சுங்க சித்தப்பா. இங்க வரைக்கும் கேட்டுது. ஒரே லாரி, ஒரே நாளு. உங்க ஊட்டுக் கோழியெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தன. அதுவரைக்கும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவனுக்குத் தன் வீட்டுக் கோழிக் கூண்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து நம் மூட்டையைப் பிரித்தேன். உன் அம்மா பக்கத்தில் நின்றாள். உலர்ந்து உதிர்ந்தது, ஆப்பமாவு வாசத்தோடு அடியில் லேசாகக் கள் வாசம். ருக்குமணி வீட்டு மூட்டையிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்திருந்தேன். அது கையில் ஒட்டியது. பாகு வாசம் அடித்தது, அதற்கும் கீழே நனைந்த சாக்கு நாற்றம். உன் அம்மா இரண்டையும் முகர்ந்தாள். நம் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கினாள். "எங்கே போறே?" என்றேன். "ருக்குமணி ஊட்டுக்குங்க. அவன் நமக்குன்னு பொறுக்கி அனுப்புனத நம்ம கோழி திங்க வேண்டாமுங்க" என்றாள். அன்றிலிருந்து நம் கோழிகளுக்குத் தவிடுதான். தினமும் சாயங்காலம் அவள் ருக்குமணி வீட்டுக்குப் போய் அந்தக் கோழிகளுக்குத் தன் கையால் தீனி வைத்துவிட்டு வருகிறாள். வழியில் நிற்பவர்கள் பார்க்கட்டும் என்று நடுத்தெருவில்தான் நடக்கிறாள்.

மூட்டை மாறியது தற்செயல் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். எந்தத் தகவலையும் இன்னொருவர் வாயால் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் நான் எழுதுவதில்லை. அந்தச் சுமைத் தொழிலாளியைச் சந்தையன்று மறுபடி பார்த்தேன். தயங்கித்தான் சொன்னார். "உங்க ஊட்டுக்குப் போனது பழைய அடுக்குலருந்துங்க. மண்டி போட்டு செஞ்சது கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. தம்பிதான் நின்னு எடுத்துக் குடுத்தாரு. இது அப்பா ஊட்டுக்குன்னு சொன்னாருங்க." லாரியோட்டியிடம் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். ஆகவே இதை உறுதியான தகவலாக எழுதுகிறேன்: இரண்டு அடுக்குக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியும். எது யார் வீட்டுக்குப் போகிறது என்பதும் தெரியும்.

தெரியாததையும் எழுதிவிடுகிறேன், அதுதான் முறை. புது அடுக்கு மட்டமான சரக்கு என்று மட்டும் நினைத்தாயா, விஷம் என்றே தெரிந்து அனுப்பினாயா, எனக்குத் தெரியாது. அறிக்கையை நீ எழுதினாயா, முதலாளி எழுதி நீ பெயரைக் கொடுத்தாயா, அதுவும் தெரியாது. உன் பக்கத்தில் நிற்க ஒரு இடம் கிடைக்குமா என்று இந்த இரண்டு 'தெரியாது'க்குள்ளும் புகுந்து தேடிப் பார்த்துவிட்டேன். மட்டம் என்று மட்டும் தெரிந்திருந்தாலும், அதை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நல்லதை அப்பாவுக்கு எடுத்து வைத்தவன் நீ. வாத்துக் குஞ்சு முதலில் செத்தது என்ற சேதி கேட்டதும், ஊரில் யாருக்குப் புரியாவிட்டாலும் உனக்குப் புரிந்திருக்கும். நீயே சொல்லிக்கொடுத்த பாடம் அது. புரிந்த பிறகு சுவரில் ஒட்ட ஆள் அனுப்பியிருக்கிறாய்.

இதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டு வராதே. அப்பா அம்மா வீட்டுக்காவது நல்லது போகட்டும் என்றுதான் செய்தேன் என்று நீ சொல்லுவாய் என்று தோன்றுகிறது. அந்தப் பாசத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். நம் சேவல் கூவும்போதெல்லாம் தெருவில் போகிறவர்கள் நம் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் ஒன்றும் கேட்காமலே எனக்கு ஒரு சலுகை வந்து சேர்ந்திருக்கிறது, அடுத்த வீட்டில் சாவு விழுந்த சலுகை. தாலுக்கா ஆபீஸில் யாராவது தன் மாமனுக்கு மட்டும் நல்ல அரிசியை ஒதுக்கி வைத்தால் நான் அதைச் செய்தியாக எழுதுவேன். நீ வளர்ந்த வீட்டில், சாப்பாட்டு வேளையில், இந்த மாதிரிச் செய்திகளைத்தான் உனக்குப் படித்துக் காட்டினேன். நீ சிரித்துக்கொண்டே கேட்பாய். எதைக் கேட்டாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

தையில் உனக்குக் கல்யாணம். உனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. இணைச்சீருக்கு உன் பக்கத்தில் சகோதரியாக உட்கார வேண்டியவள் ருக்குமணி. அந்தச் சீர் இல்லாமல் நம்மில் எந்தப் பையனுக்கும் தாலி கட்டும் நேரம் வராது. சேலை எடுக்க அவளைக் கூப்பிட உன் அம்மா போனாள். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "இணைச்சீருக்கு நான் வந்து பக்கத்துல உக்காந்தா, நோய் ஒட்டிக்கும்னு தம்பி மண்டபத்துலயும் நோட்டீஸ் ஒட்டிருவானுங்களா சின்னம்மா?" என்று மட்டும் கேட்டாளாம். உன் அம்மா சேலைக் கடைக்குப் போகாமல் திரும்பி வந்தாள். கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாள் என் மேசையில் கிடக்கிறது. அச்சுக்கு அனுப்பச் சொல்லி நான் இன்னும் சொல்லவில்லை.

அறிவுரை சொல்ல வேண்டிய வயது எனக்கு. சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: உன் பெயர் எதன் கீழே போகிறது என்று பார். கடலைப் புண்ணாக்கை மீனுக்கு மாற்றாக்கலாம் என்று நீ கண்டது உண்மை. இந்த ஊர்க் களங்களில் அது நடந்தது, நான் பார்த்தேன். இனிமேல் யாராவது அதைச் சொன்னால் கோழிக்காரர்கள் சிரிப்பார்கள், மணல் கலந்த மீன் தூளுக்கே திரும்பிப் போவார்கள். கள்ளுக்கடை வாசலில் நின்று நீ சம்பாதித்த நல்ல பெயரை, ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நீயே அழுகவிட்டாய். அந்த ஆலையில் உன்னைத் தவிர யாருக்கும் அந்தக் குவியல் என்னவென்று தெரியாது. அதனால்தான் மற்றவர்களைவிட உன்மேல் கோபம்.

இனி வர வேண்டியவை இரண்டு. பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமைத் தபாலில் எதிர்பார்க்கப்படுகிறது. மருத்துவரின் தாளைக் காட்டியதால் ஊர்க்காரர்கள் அதுவரை பொறுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். ருக்குமணியின் பாக்கிக் கோழிகள் அதுவரை உயிரோடிருக்கும். மற்றது உன் பதில். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீ சொல்லக்கூடியதை அந்த முடிவுத் தாளே சொல்லியிருக்கும், உன் வாயால் கேட்க எதுவும் மிச்சமிருக்காது. பொள்ளாச்சியிலிருந்து வியாழக்கிழமை சாயங்கால பஸ் நல்லேப்பிள்ளியில் நிற்கும். இறங்கினால் நம் வீட்டுக்கு வராதே. நேரே ருக்குமணி வீட்டுக்குப் போ. கட்டில் இன்னும் கொட்டாய் வாசலில்தான் குறுக்கே கிடக்கிறது. அந்த நேரத்தில் உன் அம்மா அங்கே தீனி வைத்துக்கொண்டிருப்பாள். நானும் இருப்பேன். நீ சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வேன், அதையும் அதே சுவர்களில் ஒட்டுவேன்.